இரண்டு கோடும் ஒரு டெலிட்டும்

ஆயுத பூஜை விடுமுறை முடிந்து திங்கட்கிழமை காலை ஆபீசில் போய் உட்கார்ந்தால், என் கடவுச்சொல் செல்லாது என்றது கணினி. விரல் தவறியிருக்கும் என்று மறுபடி அடித்தேன். அதே பதில். ஒவ்வொரு எழுத்தாக நிதானமாக அடித்துப் பார்த்தேன். அப்போதுதான் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கமிருந்து விஜயபாண்டி சார் என்னையே பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்தது.

விஜயபாண்டி எங்கள் முதலாளி. தேனியில், பெரியகுளம் ரோட்டில், பம்புசெட் கடைக்கு மேல்மாடியில் எங்கள் ட்ரோன் சர்வே ஆபீஸ். ட்ரோனைப் பறக்கவிட்டு நிலங்களை மேலிருந்து படம் பிடித்து வரைபடம் போட்டுக் கொடுப்போம். பறக்கவிடுவது நாகராஜ். எடுத்து வந்த படங்களைப் பத்திரமாக வைத்திருப்பது நான், ஜெபஷீலா. பத்திரத்துக்குப் பெயர் போன என்னைத்தான் அன்றைக்கு அவர் அப்படிப் பார்த்தார்.

"உள்ள வாம்மா" என்றார். உட்காரச் சொல்லவில்லை.

"சேமிப்புப் பெட்டி காலி. ஒரு படம் இல்ல. வெள்ளிக்கிழம சாயங்காலம் அழிஞ்சிருக்கு. யாரு எப்ப என்ன பண்ணுனாகன்னு பதிவாகுற லாக்க எடுத்துப் பாத்தேன். ஓம் பேருதான் இருக்கு. அதான் ஓம் பாஸ்வேர்ட முடக்கிட்டேன்."

"வெள்ளிக்கிழம நான் போடியில இருந்தேன் சார். சித்தி மக நிச்சயதார்த்தம். லீவு சொல்லிட்டுத்தான போனேன்?"

"அதான் எனக்கும் இடிக்கிது. நாங்க எல்லாரும் பூஜையில நிக்கிறோம். நீ ஒருத்தி மட்டும் இல்ல. அன்னைக்குன்னு பாத்து ஓம் பேருல எல்லாம் அழியுது."

எனக்குச் சுருக்கென்றது. நான் பூஜைக்கு இல்லாதது லீவினாலா, நான் போகும் கோயில் வேறு என்பதாலா, எதை அவர் அழுத்திச் சொன்னார் என்று புரியவில்லை. புரியாத மாதிரி சொல்வதில் அவர் கெட்டிக்காரர்.

விஷயம் இதுதான். எங்கள் படங்கள் இரண்டு இடத்தில் இருக்கும். அசல் எல்லாம் ஒரு ஹார்டு டிஸ்கில். அது சர்வர் அலமாரிக்குள் ஒரு வயரில் இணைந்திருக்கும், சர்வருக்குள் அதன் பெயர் 'மூலம்'. அதன் பிரதி சேமிப்புப் பெட்டியில், அதன் பெயர் 'நகல்'. ஆபீசில் எல்லோரும் திறந்து பார்ப்பது நகலைத்தான். தினமும் சாயங்காலம் ஒரு கட்டளை தானாக ஓடி, மூலத்தில் புதிதாக வந்ததை நகலில் சேர்க்கும். மூலத்தில் நாங்கள் வேண்டாம் என்று நீக்கியதை நகலிலும் நீக்கும். அந்த நீக்கும் வேலைக்காகக் கட்டளையின் நடுவில் இரண்டு கோடு போட்டு delete என்று எழுத வேண்டும். எழுதியது நான். அதனால் நான் ஆபீசில் இருந்தாலும் போடியில் பந்தியில் இருந்தாலும் அது என் பெயரில்தான் ஓடும்.

இதைச் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

"அப்ப டெலிட்டுன்னு நீயே எழுதி வச்சிருக்க!"

"அது எல்லா எடத்துலயும் எழுதுறதுதான் சார். மூலத்துல இல்லாதத மட்டும்தான் அது நகல்ல அழிக்கும்."

"மூலத்தையும் பாத்துட்டேன். அதுவும் காலி."

 என் கட்டளை நகலைத்தான் தொடும்; மூலத்தின் மேல் அதற்குக் கையே கிடையாது. மூலமும் காலி என்றால் அதை யாரோ வேண்டுமென்றே வழித்துத் துடைத்திருக்கிறார்கள். அதற்கு முதன்மைக் கடவுச்சொல் வேண்டும். அது இந்த ஆபீசில் ஒரே ஒருவரிடம்தான் இருக்கிறது. அந்த ஒருவர் என் எதிரில் உட்கார்ந்து என்னைத் திருடி போலப் பார்த்துக்கொண்டிருந்தார். சரிதான் ஐயா, நீங்கள் பார்க்கிற மாதிரி எனக்கும் பார்க்கத் தெரியும் என்று நினைத்துக்கொண்டேன்.

நினைக்கக் காரணம் இருந்தது. போன மாதம்தான் சுருளிப்பட்டி சுந்தரலிங்கத்தின் திராட்சைத் தோட்டம் முழுவதற்கும் ட்ரோனில் மருந்தடிக்கும் வேலை எங்களுக்கு வந்தது. வந்ததிலிருந்து சார் நடையே மாறிவிட்டது. பூஜைக்கு சுந்தரலிங்கம் அனுப்பிய பன்னீர் திராட்சை ஒரு பெட்டி இன்னமும் ஆபீஸ் ஃபிரிட்ஜில் இருந்தது. அந்த சுந்தரலிங்கத்துக்கு எங்களிடம் இருந்த படங்களில் ஒன்று இல்லாமல் போனால் ரொம்ப நல்லது. அந்தப் படத்துக்கு உரியவர் அரை மணி நேரத்தில் படியேறி வந்தார்.

வீரணன் சுருளிப்பட்டி விவசாயி. சுந்தரலிங்கத்தின் தோட்டத்துக்குக் கீழே அவர் நெல் வயல். மேலிருந்து வரும் வாய்க்கால் தண்ணீர்தான் அவருக்குக் கதி. சுந்தரலிங்கம் அந்த வாய்க்காலை மண் போட்டு மூடி, மேலே கல்தூண் நட்டுத் திராட்சைப் பந்தல் போட்டுவிட்டார். கேட்டால் இங்கே எந்தக் காலத்திலும் வாய்க்காலே கிடையாது என்கிறார். ஆனால் போன வருஷம் விவசாயிகள் சங்கத்துக்காக அந்தப் பகுதி முழுவதையும் நாங்கள் படம் பிடித்திருந்தோம். அதில் வாய்க்கால் இருந்தது, தண்ணீரோடு.

"தம்பி, நாளைக்கு உத்தமபாளையம் கோர்ட்டுல வாய்தா" என்றார் வீரணன். சட்டைப்பையிலிருந்து ஒரு பென்டிரைவை எடுத்து மேஜைமேல் வைத்தார். "காகிதத்துல போட்டது ஆகாதாம். தேதியும் எடமும் அதுக்குள்ளயே பதிஞ்சிருக்குமாமுல்ல, அந்த ஒரிஜினல் படம் வேணுமாம். வக்கீலு இதுல போட்டு வாங்கியாரச் சொன்னாக."

சார் என்னைப் பார்த்தார். நான் சாரைப் பார்த்தேன்.

"படம் அழிஞ்சு போச்சுண்ணே" என்றார் சார். "எப்படின்னு இந்தப் புள்ளையக் கேளுங்க."

"என்னைய எதுக்குக் கேக்கணும்? மூலத்துல கைவைக்க உங்களாலதான முடியும்?" வாய் விட்டே கேட்டுவிட்டேன். "யாருக்காகன்னும் சொல்லவா?"

"ஏய், வாய அடக்கு!"

வீரணன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்தார்.

"நீ அவரக் கைகாட்டுற, அவரு ஒன்னயக் கைகாட்டுறாரு. எனக்கு ரெண்டு பேரும் ஒண்ணுதேன். தண்ணி வல்லைன்னா இந்தப் போகம் போச்சு. அடுத்தது வயல வித்துட்டுப் போக வேண்டியதுதேன். வாங்கிக்கிறதுக்கு அந்தாளு தயாரா நிக்கிறாரு. படத்தப் பாக்காம நான் இங்கன இருந்து எந்திரிக்கிறதா இல்ல."

வீரணன் எங்களை நம்பாததில் தப்பே இல்லை. ஆனால் சாரும் நானும் ஒரே தட்டில் வைக்கப்பட்டது எனக்கு ஆத்திரமாக வந்தது. வெளியே வந்து என் மேஜையில் உட்கார்ந்தேன். செத்த கணினியின் முன்னால் வேறு என்ன செய்வது?

நாகராஜ் மெதுவாக வந்து ஒரு தட்டில் பொரியும் கடலையும் வைத்தான். ரெண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன், சண்டை என்றால் பயந்து ஒதுங்குகிறவன். "பூஜைப் பொரிக்கா. ஒனக்குன்னு எடுத்து வச்சேன். பூஜை இந்தத் தடவ அம்புட்டு நல்லாப் பண்ணுனோம். ட்ரோன், பேட்டரி, லேப்டாப்பு, ஒண்ணு விடல. எல்லாத்தையும் தொடச்சுச் சந்தனம் வச்சு வரிசையா அடுக்கிட்டோம்."

"ஒண்ணு விடலையா?"

"அலமாரிக்குள்ள இருந்த அந்தக் கறுப்பு டிஸ்க்கக் கூட விடலக்கா. நீதான எப்பப் பாத்தாலும் அதுக்குள்ளதான் நம்ம பொழப்பே இருக்குன்னு சொல்லுவ? அதான் சரஸ்வதி படத்துக்கு முன்னால அதத்தான் மொதல்ல வச்சோம்."

தட்டை அப்படியே வைத்துவிட்டு அலமாரியைத் திறந்தேன். டிஸ்க் அதன் இடத்தில் இருந்தது. விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதன் நெற்றியில் காய்ந்த சந்தனமும் நடுவில் குங்குமமும் இருந்தன.

"எப்பக் கழட்டுன? எப்ப மாட்டுன?"

"வெள்ளிக்கிழம மத்தியானம் கழட்டுனேன். பூஜையில வச்சத அன்னைக்கு எடுக்கக் கூடாதுல்ல? மறுநா விஜயதசமிக்குத் திரும்பக் கும்புட்டுட்டு மாட்டிட்டேன்."

"சர்வர்ல சொல்லாம, வயர அப்படியே உருவிட்டியா?"

"வேற எப்புடிக்கா கழட்டுறது?"

அவனை அறைவதா, கட்டிக்கொள்வதா என்று தெரியவில்லை. பஸ்ஸில் ஜன்னல் சீட்டில் துண்டைப் போட்டுவிட்டுக் கீழே இறங்குவோமே, அதுதான் நடந்திருந்தது. டிஸ்க்கை உருவியதும் ஆள் போய்விட்டது, 'மூலம்' என்ற பெயர் மட்டும் துண்டு மாதிரி வெறுமனே கிடந்தது. சாயங்காலம் என் கட்டளை வழக்கம்போல் ஓடியிருக்கிறது. மூலம் என்ற பெயர் இருக்கிறது, உள்ளே ஒன்றுமில்லை. ஓகோ, எல்லாவற்றையும் வேண்டாம் என்றுவிட்டார்கள் போல என்று நகலிலும் எல்லாவற்றையும் துடைத்துவிட்டது. மறுநாள் டிஸ்க் திரும்பி வந்தபோது சர்வர் பார்த்திருக்கிறது: இந்த சீட்டில்தான் துண்டு கிடக்கிறதே, யாரோ இருக்கிறார்கள். பக்கத்து சீட்டைக் கொடுத்துவிட்டது. டிஸ்க்கின் பெயர் இப்போது 'மூலம்1' ஆகியிருக்கும். சார் திறந்து பார்த்தது வெறும் துண்டை. படங்கள் பக்கத்திலேயே பத்திரமாக உட்கார்ந்திருக்கின்றன.

ஓடிப்போய்ச் சொன்னேன். சார் முகத்தில் ஒரு சந்தோஷமும் தெரியவில்லை.

"இந்தக் கதைய இப்பத்தான் ஜோடிச்சியா?"

"ஒரு நிமிசம் என்னைய அடிக்க விடுங்க. காட்டுறேன்."

"நீ கீபோர்டத் தொடக் கூடாது. நீ சொல்லு, நான் அடிக்கிறேன். ஒவ்வொரு எழுத்துக்கும் என்ன அர்த்தம்னு சொன்னாத்தான் அடிப்பேன்."

திரை தெரியாத மாதிரி என் நாற்காலியை மேஜைக்கு எதிர்ப்பக்கம் போடச் சொன்னார். வீரணன் மட்டும் தன் இடத்தை விட்டு அசையவில்லை. அவருக்குத் திரை பக்கவாட்டில் தெரிந்தது.

முதலில் இருக்கும் பெயர்களை வரிசையாகக் காட்டும் கட்டளையைச் சொன்னேன். இரண்டே எழுத்து. அதற்கே வக்கீல் போல் குறுக்கு விசாரணை செய்துவிட்டுத்தான் அடித்தார். மூலம்1 என்று ஒன்று இருப்பது தெரிந்ததும் வீரணன் முன்னால் சாய்ந்தார். சார் மட்டும், "இத நீ வெள்ளிக்கிழமைக்கு முன்னாலயே உண்டாக்கி வச்சிருக்கலாம்" என்றார். சந்தேகப்படுவது என்று ஒரு ஆள் முடிவு கட்டிவிட்டால் கடவுளே சாட்சிக்கு வந்தாலும் அவருக்கு யார் சம்பளம் கொடுக்கிறார்கள் என்றுதான் கேட்பார்.

"இப்ப மூலம்1ல இருக்கறத நகலுக்குக் கொண்டு வரணும். சொல்றேன், அடிங்க."

"ஒன் கட்டளையே லாக்குல இருக்குல்ல? அதையே எடுத்து ஒட்டிக்கிறேன். நீ புதுசா எதையும் நொழைக்க வேணாம்."

"சரி. அப்ப அதுல இருக்கற ரெண்டு கோடு டெலிட்ட எடுத்துருங்க. இப்ப அது வேண்டாம்."

சார் கையை விசைப்பலகையிலிருந்து எடுத்துவிட்டார். "அதான பாத்தேன். தடயத்த எங் கையாலயே அழிக்கச் சொல்றியா? முடியாது. நீ எழுதுனது அப்படியே இருக்கட்டும்."

"ரெண்டு கோடுன்னா அழிக்கிறதா?" என்று வீரணன் கேட்டார்.

"ஆமாய்யா. ரெண்டு கோடு போட்டு டெலிட். இந்தக் கட்டளையில வேற எங்கயும் ரெண்டு கோடு வராது. மத்ததெல்லாம் ஒத்தக் கோடுதான்." பிறகு சாரிடம் திரும்பினேன். "அத எடுக்க மாட்டீகன்னா, ஒத்தக் கோடு போட்டு n-ன்னு ஒரே ஒரு எழுத்தச் சேத்துக்கங்க."

"அது என்ன பண்ணும்?"

"ஒண்ணுமே பண்ணாது. ஒத்திகை மாதிரி. நெசமா ஓடுனா என்னென்ன ஆகும்னு சொல்லும், ஆனா எதையும் தொடாது."

"ஒண்ணும் பண்ணாத எழுத்த எதுக்குச் சேக்கணும்?"

"சந்தேகப்படுறவுகளுக்காகத்தான் அந்த எழுத்தே இருக்கு சார்."

வீரணன் தொண்டையைச் செருமினார். "சேருங்க தம்பி. ஒண்ணும் பண்ணாதுன்னுதான சொல்லுது."

முணுமுணுத்துக்கொண்டே சேர்த்தார். "பேரு ரெண்டையும் மாத்தணும்ல? நான் பாத்துக்கிறேன்" என்றார்.

"எங்க இருந்து எடுக்கறமோ அது மொதல்ல, எங்க போகணுமோ அது பின்னால" என்றேன். அவர் நிமிர்ந்து பார்க்காமல் ஒற்றை விரலால் ஏதோ அடித்தார், நீக்கினார், மறுபடி அடித்தார். பிறகு என்டரைத் தட்டினார்.

 தட்டியவர் நாற்காலி பின்னால் சரிய எழுந்தார்.

"பாத்தீகளாண்ணே! பாத்தீகளா! டெலிட்டிங், டெலிட்டிங்னு ஓடுது. கண்ணுக்கு முன்னாலயே அழிக்கிறா!"

எனக்கு உயிரே போய்விட்டது. தடையெல்லாம் மறந்து மேஜையைச் சுற்றி ஓடினேன். திரை நிறைய படங்களின் பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் முன்னால் அந்த வார்த்தை. சுருளிப்பட்டிப் படங்களும் அதில் போய்க்கொண்டிருந்தன. மேலே கட்டளையைப் பார்த்தேன். முதலில் நகல், பின்னால் மூலம்1. காலிப் பெட்டியைக் காட்டி, இதே மாதிரி அசலையும் காலியாக்கு என்று கட்டளை போட்டிருந்தார். டெலிட்டையும் பத்திரமாக விட்டுவைத்திருந்தார். அவற்றுக்கு நடுவில் ஒற்றைக் கோட்டோடு அந்த n நின்றுகொண்டிருந்தது.

"அழியல" என்றேன். "ஒத்திகைதான். ஒண்ணும் அழியல. நீங்க பேரு ரெண்டையும் மாத்திப் போட்டிருக்கீக சார். இந்த n இல்லைன்னா ஐயா வாய்க்காலு இப்ப போயிருக்கும். திரும்ப வரவே வராது. லாக்குல உங்க பேருதான் இருந்திருக்கும்."

சார் முகத்தில் ஈயாடவில்லை. வீரணன் மெல்ல அவர் பக்கம் திரும்பினார். முதல் தடவையாக அவர் குரல் மாறியது.

"தம்பி. இது கை தவறி விழுந்ததா? இல்ல, விழணும்னு போட்டதா?"

"அண்ணே! என்ன கேள்விண்ணே இது?"

"அந்தாளு தோட்டத்துல ஒங்களுக்கு வேல நடக்குது. ஊரே பேசுது. அதேன் கேக்குறேன்."

"அன்னைக்கு மூலம் மொதல்ல இருந்துச்சு, அழிஞ்சுச்சு. அப்ப திருப்பிப் போட்டா திரும்பி வரும்னு நெனைச்சேன். அம்புட்டுதான்ணே! எங் கை அடிச்சுச்சுங்கறதுக்காக நான் வேணும்னே அழிச்சேன்னு ஆயிருமா? எம் பேரு இருந்தா நான்தான் குத்தவாளியா?"

சொல்லி முடித்ததும் அவருக்கே காதில் விழுந்திருக்க வேண்டும். வாயை மூடிக்கொண்டார். நான் எதையாவது சொன்னால் அவர் தப்பித்துவிடுவார் என்று தோன்றியது. நாகராஜ் வாசலில் நின்றபடி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவர் சொன்ன காரணம் உண்மையாக இருக்கலாம். கணினி தெரியாத யாருக்கும் தோன்றக்கூடிய காரணம்தான். ஆனால் நான் அதை முழுசாக நம்பினேனா என்றால், இல்லை. இன்றைக்கும் இல்லை.

சார் நாற்காலியை விட்டு நகர்ந்து ஜன்னல் ஓரமாகப் போய் நின்றார். "நீயே பண்ணு" என்றார், ரோட்டைப் பார்த்தபடி.

உட்கார்ந்தேன். முதலில் மூலம்1ஐத் திறந்து, சுருளிப்பட்டியில் ஒரு படத்தைப் பெரிதாக்கிக் காட்டினேன். பச்சை வயல்களுக்கு நடுவே வெயிலில் பளபளத்துக்கொண்டு ஒரு கோடு வளைந்து போனது. இப்போது கல்தூண்கள் நிற்கிற இடம். அப்போது அங்கே தண்ணீர் மட்டும்தான்.

வீரணன் திரையைத் தொடாமல், விரலை அந்தரத்தில் வைத்து வாய்க்கால் போகிற வழியெல்லாம் இழுத்துக்கொண்டே போனார். தன் வயலுக்கு வந்ததும் விரல் நின்றது. "இந்தா வந்துருச்சுல்ல" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது.

பென்டிரைவைச் சொருகினேன். புதுக் கட்டளையை அடித்தேன். மூலம்1ல் இருக்கும் சுருளிப்பட்டிப் படங்கள் முதலில், பென்டிரைவ் பின்னால். ஒத்திகை போட்டுப் பார்த்தேன், ஒரு இடத்திலும் அந்த வார்த்தை வரவில்லை. n-ஐ எடுத்துவிட்டேன். என்டரைத் தட்டக் கை போனது, நின்றுவிட்டது. காலையிலிருந்து என் பெயரைத்தான் இழுத்துக்கொண்டிருந்தார்கள். இதையும் ஏன் என் பெயரில் சேர்க்க வேண்டும்?

"ஐயா, நீங்க அமுக்குங்க. இது உங்க படம். இந்தா, இந்தப் பெரிய பட்டன்."

அவர் உடனே அமுக்கவில்லை. கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். இங்கிலீஷ் எழுத்து அவருக்குத் தெரியாது. திரைக்கு அருகில் குனிந்து, கட்டளையின் முதல் எழுத்தில் விரலை வைத்து, ஒவ்வொரு எழுத்தாக நகர்த்தினார். ஒற்றைக் கோடு வந்த இடத்தில் நின்று, பக்கத்தில் இன்னொன்று இருக்கிறதா என்று உற்றுப் பார்த்தார். கடைசி வரை போய், திரும்ப முதலிலிருந்து ஒரு தடவை வந்தார்.

"ரெண்டு கோடு எங்கயும் இல்ல" என்றார், என்னிடம் இல்லை, தனக்குத்தானே.

பிறகுதான் அமுக்கினார். அன்றைக்கு என்னைச் சந்தேகப்பட்டவர்களில் அவர் ஒருவர் மேல் மட்டும் எனக்குக் கோபம் வரவில்லை.